மாட்டுக்குக் கடிவாளம் போட்ட நாவல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடும்பங்கள் மிசூரியிலிருந்து மேற்கே ஆரிகனுக்கு வண்டி கட்டிக் குடியேறப் போன ஆரிகன் பாதையை வைத்து எழுதிய கிறிஸ்தவ வரலாற்று நாவல் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இருபது பக்கம் போதும். வண்டி புறப்படும் காட்சியைத் தேடி எடுங்கள். கதாநாயகன் முன்பலகையில் உட்கார்ந்து, கையில் வாரைப் பிடித்துக்கொண்டு எருதுகளை ஓட்டுகிறான் என்றால் மூடி வைத்துவிடலாம். அந்தப் பாதையில் எருதுகளுக்குக் கடிவாளமும் கிடையாது, மூக்கணாங்கயிறும் கிடையாது. கழுத்தில் மர நுகம் மட்டும்தான். ஓட்டுகிறவர் இடப்பக்கம் கூடவே நடப்பார். 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம், 'வோ' என்றால் நில். நாம் இந்தப் பிழையைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம், ஏனென்றால் நம்மூர் வண்டிக்காரர் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துத்தான் ஓட்டுவார். எழுதியவருக்கும் அதே மயக்கம்தான். குதிரை வண்டியைக் கற்பனை செய்துகொண்டு அதில் எருதைப் பூட்டியிருக்கிறார்.

இது சில்லறைப் பிழை இல்லையா, கதை நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இந்த வகை நாவல்களில் விசுவாசம்தான் கதைப்பொருள். ஆனால் அந்தப் பயணத்தில் விசுவாசம் சோதிக்கப்பட்டதெல்லாம் சக்கரத்திலும் மாவு மூட்டையிலும் கலங்கிய தண்ணீரிலும்தான். வண்டியை அறியாதவர் எழுதும் ஜெபம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பொருந்துகிற பொது ஜெபமாக நின்றுவிடுகிறது. இந்த வகையில் தேறுகிற புத்தகங்களுக்கும் தேறாதவற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வகையின் கதை சுருக்கமானது. கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' 1979-ல் பெத்தனி ஹவுஸ் வெளியீடாக வந்தது. மேற்கே வந்த இடத்தில் கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்ணும், சிறு மகளோடு நிற்கும் மனைவியை இழந்த விவசாயியும் தேவைக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அது எட்டு புத்தகத் தொடராக வளர்ந்தது, 2003-ல் தொலைக்காட்சிப் படமும் ஆனது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான நாவல்கள் அந்த அச்சில் வார்த்தவை. கெட்ட வார்த்தை இருக்காது. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். சந்தேகத்தில் தொடங்குகிற ஒருவர் மனந்திரும்புவார், அதுவும் பெரும்பாலும் புத்தகத்தின் முக்கால் பங்கு தாண்டிய பிறகு. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் தயங்காமல் கொடுக்கலாம் என்பதுதான் இந்த வகையின் பெரிய பலம், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அட்டைகளும் ஒரே மாதிரி: துணித் தொப்பி போட்ட பெண், மடிப்புக் கலையாத பாவாடை, பின்னால் தங்க நிறப் புல்வெளி. அட்டைப்படத்தை எழுத்தாளர் தீர்மானிப்பதில்லை என்பதால் அதை வைத்து ஒதுக்க வேண்டாம்.

இனி பாரக் கணக்கு. 1845-ல் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் எழுதிய பயண வழிகாட்டி ஆள் ஒன்றுக்குச் சொல்லும் அளவு இது: மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி 150 பவுண்டு, காப்பி 10, சர்க்கரை 20, உப்பு 10. கூட்டினால் 390 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 177 கிலோ. பெரியவர்கள் இருவர், அரைவயிற்றுப் பிள்ளைகள் நால்வர் என்று ஒரு குடும்பத்தை வைத்து, நான்கு ஆள் உணவு என்று கொண்டாலும் 700 கிலோ தாண்டுகிறது. வண்டி தாங்குவது 2,000 முதல் 2,500 பவுண்டு வரை, அதாவது 900 முதல் 1,100 கிலோ. மீதி இருப்பது இருநூறு முதல் நானூறு கிலோ. அதற்குள் கலப்பைக் கொழு, கோடரி, படுக்கை, கூடாரம், வார்ப்பிரும்புச் சட்டிகள், துப்பாக்கி, ஈயம், உடுப்பு, விதை எல்லாம் அடங்க வேண்டும். வண்டிப் பெட்டியோ சுமார் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாவலாசிரியருக்கு நல்ல காட்சி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டி கொடுத்த மரப்பெட்டியை எந்த இடத்தில் இறக்கிப் போடுவது? லாரமி கோட்டைக்கு வரும்போது எருதுகள் இளைத்திருக்கும், எதிரே மலையேற்றம் தொடங்கும். அந்த வட்டாரத்தில் பாதையோரம் அடுப்பும் அலமாரியும் இறைச்சி மூட்டையும் வீசிக் கிடந்ததைப் பயணிகள் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போடாத ஆசிரியரோ பியானோவை ஆரிகன் வரை கொண்டுபோய்ச் சேர்த்து, கடைசி அத்தியாயத்தில் கதாநாயகியை வாசிக்க வைக்கிறார். அத்தகைய வண்டியில் குடும்பமே உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டும் போகும். உண்மையில் அதில் வில்கட்டை கிடையாது. காலையில் கறந்த பாலை வாளியில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் குலுக்கலிலேயே வெண்ணெய் திரண்டுவிடும். அதில் யார் உட்காருவார்கள்? நோயாளியும் கைக்குழந்தையும் தவிர மற்றவர்கள் 3,200 கிலோமீட்டரையும் பெரும்பாலும் நடந்தே கடந்தார்கள். நாளைக்குச் சராசரி 24 கிலோமீட்டர், நான்கிலிருந்து ஆறு மாதம். கதையில் செருப்பு தேய்கிற பேச்சே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விபத்துக் காட்சி என்றாலே இந்த நாவல்களில் சக்கரம் 'உடைகிறது', கதாநாயகன் இரவோடு இரவாகப் புதுச் சக்கரம் செய்கிறான். சமவெளியில் காய்ந்த கட்டையைத் தேடி, ஆரக்கால் செதுக்கி, குடத்தில் இறுக்கி, வட்டை பூட்டி ஒரே இரவில் செய்ய முடியுமா என்று எந்தத் தச்சரிடமும் கேளுங்கள், சிரிப்பார். நடந்தது வேறு. பிளாட் ஆற்றைத் தாண்டி மேற்கே போகப் போகக் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், வட்டையைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டா தளர்ந்து கழலும். அதற்கு வைத்தியம்: சக்கரத்தைக் கழற்றி இரவெல்லாம் ஆற்றில் ஊறப்போடுவது, இல்லையென்றால் வட்டைக்கும் பட்டாவுக்கும் நடுவே மர ஆப்பு அடிப்பது. இரண்டும் தற்காலிகம்தான். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, மாட்டி, தண்ணீர் ஊற்றிச் சுருக்க வேண்டும். அதற்குப் பட்டறை வேண்டும். பின் அச்சில் தொங்கும் மசகு வாளியில் கீலும் கொழுப்பும் கலந்திருக்கும். அது தீர்ந்தால் சமையலுக்கு வைத்த பன்றிக் கொழுப்பு அச்சுக்குப் போகும், அன்றைய சமையல் அந்த அளவுக்கு வறளும். இந்த விவரங்களில் இரண்டு மூன்றாவது ஒரு நாவலில் இருந்தால் ஆசிரியர் நாட்குறிப்புகளைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம். 'கானஸ்டோகா வண்டி' என்று எழுதியிருந்தால் படிக்கவில்லை. அது கிழக்கே சரக்கு ஏற்றிய கனத்த வண்டி. குடும்பங்கள் மேற்கே கொண்டுபோனது சாதாரணப் பண்ணை வண்டிக்குத் துணிக் கூடு போட்டதைத்தான்.

பாட்டுகளுக்கு வருவோம், தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்கள் மற்றவர்களைவிடச் சுலபமாகப் பிழை பிடிக்கக்கூடிய இடம் இது. பாமாலையில் நாம் பாடும் ஞானப்பாட்டுகள் பலவற்றின் ஆங்கில மூலங்கள் இந்த நாவல்களில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடப்படுகின்றன. எது எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்தால் போதும். 'பிளவுண்ட மலையே' பாட்டின் மூலம் 1776, அமெரிக்காவில் பாடும் மெட்டு 1830. வண்டிப் பயணக் கதை எதிலும் தாராளமாக வரலாம். 'நான் பாவிதான் ஆனாலும் நீர்' மூலம் 1830-களைச் சேர்ந்தது, அதுவும் சரி. 'பாவ சஞ்சலத்தை நீக்க' மூலத்தின் வரிகள் 1855-ல் எழுதப்பட்டவை, நமக்குத் தெரிந்த மெட்டு 1868. ஆகவே 1852-ல் ஆற்றங்கரையில் அதைப் பாடுகிற விதவை வருங்காலத்திலிருந்து வந்தவள். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' வரிகள் 1847, மெட்டு 1861. அடக்க ஆராதனைக் காட்சிக்கு மிகப் பொருத்தம் என்பதால் இதை இழுத்துக்கொண்டு வருகிற ஆசை எழுத்தாளர்களை விடாது. 'ஒப்பில்லா திரு இரா' 1818-ல் ஜெர்மன் மொழியில் பிறந்தது, இன்று பாடும் ஆங்கில வடிவம் 1859. அந்தக் குடும்பம் ஜெர்மானியக் குடும்பமாக இருந்தால் மன்னித்துவிடலாம்.

வேதவசனத்துக்கும் இதே சோதனை. அந்தக் குடும்பங்களின் கையில் இருந்தது 1611-ன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு. 1978-ல் முழுமையாக வந்த நவீன மொழிபெயர்ப்பின் வாசகத்தை 1848-ன் போதகர் வாயில் வைக்கிற நாவல்கள் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் ஊறியவர்களுக்கு இது காதிலேயே உறுத்தும். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று கேட்டுப் பழகிய பின் அதையே செய்தித்தாள் நடையில் கேட்டால் எப்படி இருக்கும்? இன்னொன்றும் உண்டு. அந்த 121-ம் சங்கீதத்தை மலை முதன்முதலில் கண்ணில் படும் இடத்தில் வைப்பது எளிது, அழகாகவும் இருக்கும். ஆனால் வண்டிக்காரருக்கு பர்வதம் என்பது ஒத்தாசை வரும் திசை மட்டும் இல்லை, அக்டோபரில் பனி விழும் திசையும்கூட. அந்த இரட்டைப் பொருளைத் தொடுகிற நாவல்கள் குறைவு.

உண்மையான விசுவாசச் சண்டை எங்கே நடந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமையில். ஓய்வுநாளில் வண்டி நகரலாமா? வசந்தத்தில் புல் முளைத்த பிறகுதான் மிசூரியிலிருந்து புறப்பட முடியும். ஜூலை நான்கை ஒட்டி வழியில் உள்ள இண்டிபென்டன்ஸ் பாறைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதித்தால் முன்னால் போன கூட்டங்களின் மாடுகள் புல்லைத் தின்று தீர்த்திருக்கும், முடிவில் மலைப்பனி காத்திருக்கும். இருபது வாரப் பயணத்தில் இருபது ஞாயிறு என்பது கிட்டத்தட்ட மூன்று வாரம். ஆசரிக்க வேண்டும் என்றவர்கள் மாடுகளுக்கும் ஓய்வு கிடைக்கிறது, கடைசியில் நாம்தான் முந்துவோம் என்று வாதாடினார்கள். இந்த வழக்கிலேயே கூட்டங்கள் பிரிந்துபோயின. நின்ற ஞாயிற்றிலும் யாருக்கு ஓய்வு? ஆண்கள் பிரசங்கம் கேட்டார்கள், பெண்கள் ஒரு வாரத் துணியைத் துவைத்து ஒரு வார ரொட்டியைச் சுட்டார்கள். கட்டளையைக் கைக்கொள்ள அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் ஞாயிற்றை ஒரு பத்தியில், ஒரு பாட்டு, ஒரு ஜெபத்தோடு முடித்துவிடுகிறார்கள். இந்தச் சண்டைக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்கியிருக்கும் நாவல் கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மரணக் காட்சிகள் இந்த வகையின் பலவீனமான பகுதி. 1849 முதல் சில ஆண்டுகள் பாதையில் பெரிய கொலையாளி காலரா. காலையில் நடந்தவர் மாலையில் இல்லை. வாந்தி, பேதி, உடம்பு வற்றிச் சுருங்குதல், நீல நிறம். மருந்து என்று இருந்தது அபினிச் சாரமும் புதினா எண்ணெயும். தங்கிய இடத்துக் கழிவு கலந்த தண்ணீரையே அடுத்த கூட்டமும் குடித்தது, காரணமோ யாருக்கும் தெரியாது. இதில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுக் கண்ணை மூட முடியுமா? முடியாது. அதனால்தான் நாவல்களில் எல்லோருக்கும் பெயரில்லாத 'காய்ச்சல்' வருகிறது. காய்ச்சல் பேச விடும். அடக்கம் செய்ததும் சிலுவை நட்டுப் பூ வைக்கிற காட்சியும் இப்படித்தான். ஓநாய் தோண்டாமல் இருக்கப் பாதை நடுவிலேயே குழி வெட்டி, மூடி, அதன்மேல் எல்லா வண்டிகளையும் ஓட்டித் தடம் தெரியாமல் ஆக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளையின் குழிமேல் தன் வண்டியே ஏறிப் போவதைத் தாய் பார்த்துக்கொண்டு நடந்தாள். சிலுவையை விட்டுவிட்டு இதை எழுதியிருந்தால் ஜெபத்துக்கு அங்கே அர்த்தம் கூடியிருக்கும்.

நடந்தவை சில சமயம் நாவலை மிஞ்சியவை. 1855-ல் மிசூரியின் பெத்தெல் என்ற கிறிஸ்தவக் கூட்டுக் குடியிருப்பிலிருந்து வில்ஹெல்ம் கைல் தன் மக்களை மேற்கே நடத்திப் போனார். முதல் வண்டியில் நீதான் போவாய் என்று மகன் வில்லிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு 19 வயதில் மகன் இறந்துபோனான். ஈயத்தகடு பதித்த பெட்டியில் உடலை வைத்து, விஸ்கி நிரப்பி, முன்னணி வண்டியில் ஏற்றி, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் வில்லபா வரை கொண்டுபோய் அடக்கம் செய்தார். மதுவை வாசலிலேயே நிறுத்துகிற இந்த வகை நாவல் இந்தச் சம்பவத்தை என்ன செய்யும் என்பது சுவாரசியமான கேள்வி.

தேவைக்கான கல்யாணம் என்ற கதைமுடிச்சைப் பலர் கேலி செய்வார்கள். அதில் அவர்கள் சொல்வது தவறு. 1850-ன் நிலக்கொடைச் சட்டப்படி, அந்த ஆண்டு டிசம்பருக்குப் பின் 1855-க்குள் ஆரிகன் வந்து சேர்ந்த தனி ஆணுக்கு 160 ஏக்கர், மணமானவர்களுக்கு 320. அதில் பாதி மனைவியின் பெயரிலேயே இருக்கும். கல்யாணம் செய்தால் நிலம் இரட்டிப்பு என்றான பின் அவசரக் கல்யாணங்கள் நடந்தன, மிகச் சிறு வயதுப் பெண்களையும் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பெயரில் 160 ஏக்கர் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். நல்ல நாவலாசிரியர் கதாநாயகியின் பேரத்தை இதில் வைப்பார். சுமாரானவர் 1852 கதையில் 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்து குழப்புவார். இரண்டும் வேறு: இரண்டாவது 160 ஏக்கர், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட வேண்டும், விதவையும் மணமாகாத பெண்ணும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். சட்டத்தின் இன்னொரு முகத்தை இந்த நாவல்கள் அநேகமாகத் தொடுவதேயில்லை. 1850 சட்டத்தில் கறுப்பினத்தவருக்கு நிலம் இல்லை. அதற்கு முன்பே, 1844-ல், ஆரிகனில் அவர்கள் குடியேறவே தடை போட்டார்கள். அந்த ஆண்டு குடும்பத்தோடு வந்த ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பின விவசாயி தடை எட்டாத வடக்கே போய், இன்றைய டம்வாட்டர் பக்கம் குடியேறினார். அவரோடு வந்த வெள்ளையர் குடும்பங்கள் சிலவும் கூடவே போயின. அண்டை வீட்டாரை நேசிப்பது எப்படி என்று எழுத விரும்புகிறவர்களுக்குக் கைக்கு எட்டிய கதை அது.

பூர்வகுடிகள் விஷயத்தில் வகை முழுவதும் தடுமாறுகிறது. ஒன்று அவர்கள் இரவுத் தாக்குதலாக வருவார்கள், அல்லது கதை முடிவுக்குள் ஞானஸ்நானம் பெறுவார்கள். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ எண்ணிப் பார்த்த கணக்கில் 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கையில் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகள் கையில் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். நோயோடும் நீரில் மூழ்கியதோடும் சக்கரத்தில் அகப்பட்டதோடும் தன் துப்பாக்கி தானே வெடித்ததோடும் ஒப்பிட்டால் இது சிறிய பங்கு. வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் முக்கியமாக மாடு ஓடிப்போகாமல் அடைக்கத்தான். அன்றாடம் நடந்தது வியாபாரம்: ஆறு தாண்டிவிடக் கூலி, சால்மன் மீனுக்குச் சட்டை, வழிகாட்டுவதற்குக் கைமாறு.

மார்கஸ், நர்சிஸா விட்மன் தம்பதி பூர்வகுடிகளிடையே நடத்திய விட்மன் மிஷனைக் கதையில் சேர்க்கும் நாவல்களை இன்னும் உஷாராகப் படிக்க வேண்டும். 1836 ஜூலை 4 அன்று நர்சிஸா விட்மனும் எலைசா ஸ்பால்டிங்கும் ராக்கி மலைத்தொடரின் தென்கணவாயைக் கடந்தார்கள், அந்த மலைத்தொடரைத் தாண்டிய முதல் வெள்ளைப் பெண்கள் என்று பெயர் பெற்றார்கள். வயிலட்புவில் மிஷன் எழுந்தது. 1844-ல் பாதையில் தாய் தகப்பனை இழந்த சேகர் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் அதுவே வீடானது. 1847-ல் தட்டம்மை பரவியது. அந்த வட்டாரப் பூர்வகுடிகளான கயூஸ் மக்களின் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள், வெள்ளைப் பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். வைத்தியரான மார்கஸ் விட்மன் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் வளர்ந்தது. நவம்பர் 29 அன்று கயூஸ் ஆட்கள் சிலர் அவரையும் நர்சிஸாவையும் மற்றவர்களையும் கொன்றார்கள். 1850 ஜூனில் ஐந்து கயூஸ் ஆண்கள் ஆரிகன் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தத் தொடரில் அம்மையை விட்டுவிட்டுக் கொலையை மட்டும் எழுதினால் அது இரத்தசாட்சிக் கதை. அம்மையையும் சேர்த்தால் அதைவிடக் கஷ்டமான கதை. இரண்டில் எதைத் தேர்ந்திருக்கிறார் என்பது ஆசிரியரின் பின்னுரையிலேயே தெரிந்துவிடும். பின்னுரையை முதலில் படியுங்கள். அதுவே இல்லாத வரலாற்று நாவலுக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கலாம்.

அமைப்பில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. தென்கணவாய் ஏறக்குறைய பாதி வழி. நாவலோ அங்கே வருவதற்குள் முக்கால் பக்கங்களைச் செலவழித்திருக்கும். ஸ்நேக் ஆற்றின் செங்குத்துக் கரைகள், நீலமலை, கொலம்பியா ஆற்றில் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றுவது, அல்லது 1846-க்குப் பின் பார்லோ பாதையில் மரத்தில் கயிறு சுற்றி வண்டியைச் சரிவில் இறக்குவது எல்லாம் இரண்டு அத்தியாயத்தில் ஓடிவிடும். உணவு தீர்ந்து, மாடு செத்து, மனிதர்கள் உண்மையில் உடைந்தது அந்தப் பாதியில்தான். பொருளடக்கத்தில் அத்தியாயத் தலைப்புகள் இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

குடியேறிய பிறகு நடக்கும் கதைகளும், தபால் வழி மணமகள் கதைகளும் இதே அலமாரியில் கிடைக்கும். முதல் வகையில், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டும் புல்மண் வீட்டைச் சரியாக எழுதியவை நன்றாக இருக்கின்றன. மழை நின்ற பின்னும் மூன்று நாள் கூரை ஒழுகும், மேலேயிருந்து பாம்பு விழும் என்று தெரிந்தவர்கள் எழுதியவை. இரண்டாவது வகை பெரும்பாலும் வேகமாக எழுதி வேகமாக விற்பது. ஆண்டை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் கதை மாறாது.

வாங்கும் முறை எளிது. மின்னூலாக எடுப்பதே நமக்கு வசதி. தடித்த அமெரிக்கப் பதிப்புகளின் அஞ்சல் செலவு சில சமயம் புத்தக விலையைத் தொடும். மாதிரிப் பகுதியை இறக்கிக்கொண்டு ஆண்டு, புறப்பட்ட ஊர், மாதம் மூன்றும் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். மிசூரியிலிருந்து ஆரிகனுக்கு ஆகஸ்டில் புறப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடராக இருந்தால் முதல் புத்தகத்தை மலிவாகவோ இலவசமாகவோ வைத்திருப்பார்கள், ஆனால் கதை நடுவில் நின்றுவிடும். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். ஒலிநூல் வேண்டுமானால் முதலில் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து நாட்டுப்புறப் பேச்சை வாசிப்பவர் மிகையாக இழுத்தால் நம் காதுக்குப் பாதி பிடிபடாது.

மொழி எளிமைதான், சில சொற்கள் மட்டும் தவறாகப் புரியும். 'பிஸ்கட்' என்பது தேநீரில் நனைக்கும் பொருள் இல்லை, சட்டியில் சுட்ட உப்பு ரொட்டி. 'சாலரேட்டஸ்' சமையல் சோடாவின் முன்னோடி. 'கார்ன்' நம் வெள்ளைச் சோளம் இல்லை, மக்காச்சோளம். 'டின்னர்' மதியச் சாப்பாடு, இரவுக்கு 'சப்பர்'. 'சிப்ஸ்' பொறுக்கப் போனாள் என்று வந்தால் திகைக்க வேண்டாம். காட்டெருமையின் காய்ந்த சாணம்தான் அது. மரமில்லாத சமவெளியில் அடுப்பெரிக்க வேறு வழியில்லை. வறட்டி தட்டிய ஊர்க்காரர்களுக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை, ஆனால் கிழக்கிலிருந்து வந்த பெண்கள் முதல் வாரம் கையுறை போட்டுத்தான் பொறுக்குவார்கள், மூன்றாவது வாரம் கழற்றிவிடுவார்கள். அந்தக் கையுறை கழலுகிற இடத்தைக் காட்டுகிற நாவல் என்றால் மாதிரியோடு நிறுத்தாமல் முழுதாக வாங்குங்கள்.